இலுப்பை போட்ட கிணறு

ரங்கம்மாள் கிணற்றில் விஷம் போட்டாள் என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. இலுப்பைப் பிண்ணாக்கை விஷம் என்று நினைக்க அவர்களால் முடியாது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் தலைக்குத் தேய்த்துக்கொள்வது அதைத்தான். செத்தவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது கரைப்பதும் அதைத்தான்.

தெரு ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருந்த தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்தது. தோலை ஊறவைப்பவர்கள், மயிர் சுரண்டுபவர்கள், பட்டை இடிப்பவர்கள் என்று எல்லாரும் ஷாப்பு வேலைக்காரர்கள். ஊர்க் கிணறுகளில் அவர்களுக்கு இடமில்லை. ஷாப்பு முதலாளியான சாயபுவின் தகப்பனார் காலத்தில், பாழாய்ப்போன தோட்டம் ஒன்றிலிருந்த படிக்கிணறு அவர்களுக்கு விடப்பட்டது. அதற்கு ராட்டினம் கிடையாது. படிகளில் இறங்கி, முழங்கால் அளவு நீரில் நின்று, குடத்தைச் சாய்த்து முகக்க வேண்டும். ஐப்பசியில் ஏரி வழிந்தால் ஒரு கால்வாய் வந்து கிணற்றில் விழும். மீன் குஞ்சுகள் அந்த வழியாக வரும். கோடைக்குள் அவை விரல் நீளம் வளர்ந்துவிடும். தண்ணீர் எடுக்க இறங்குகிறவர்களின் கால்களை அவை கூட்டமாக வந்து கொத்தும். சின்னப் பிள்ளைகள் கூச்சத்தில் சிரிப்பார்கள்.

ரங்கம்மாள் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைகள் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். புருஷன் காத்தவராயன் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன். ஒரே மகள் பூவம்மாள்.

பூவம்மாளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு பங்குனியில், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ராத்திரியில் அவள் மூச்சுவிடும்போது உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருந்தது என்று ரங்கம்மாள் பிறகு சொன்னாள். பகல் வெளிச்சத்தில் மகளின் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மூக்குத் துவாரத்தின் விளிம்புவரை கறுப்பாக ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அட்டை. கிணற்றில் வாய் வைத்துக் குடித்தபோது ஏறியிருக்கிறது. புகையிலைத் தண்ணீர் விட்டு, உப்பு விட்டு, கடைசியில் அது வெளியே வந்தபோது பெண் வெளுத்துப்போயிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ரங்கம்மாள் கிணற்றடியில் தலை முழுகினாள். கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. தலையிலிருந்து வழிந்த இலுப்பை நுரை அதன்மேல் பட்டது. அது சுருண்டு விழுந்தது. ரங்கம்மாள் குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தாள். அது மறுபடி நிமிரவில்லை.

செக்குக்காரரிடம் போய்ப் பிண்ணாக்கு வாங்கி வந்தாள். ஷாப்பு மேஸ்திரி அருணகிரி, தெருவுக்கும் அவர்தான் பெரியவர், விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். அட்டை அவர் வீட்டு மாட்டின் மூக்கிலும் ஏறியிருந்தது. சித்திரை பிறந்து, தண்ணீர் கடைசிப் படிகளுக்கு இறங்கியிருந்த ஒரு காலையில், ரங்கம்மாள் பிண்ணாக்கை இடித்து ஊறவைத்து, கரைத்து, குடம் குடமாகக் கிணற்றில் ஊற்றினாள். தெரு முழுவதும் மேலே நின்று பார்த்தது.

முதலில் நுரை பரவியது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியதும் மீன்கள் மேலே வந்தன. அவை துள்ளவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் செங்குத்தாக நின்று, வாயைத் திறந்து, மேலே நிற்பவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தன. கிணறு முழுவதும் வட்டவட்டமாகத் திறந்த சிறிய வாய்கள். சத்தமே இல்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் தாய் அதன் கண்ணைப் பொத்தினாள். உச்சிவேளைக்கு மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. தவளைக் குஞ்சுகள் கறுப்பு மணல்போல் படியோரம் ஒதுங்கின. அட்டைகளும் மிதந்தன.

மீனை வீணாக்குவானேன் என்று அருணகிரிதான் சொன்னார். கூடைகளில் அள்ளினார்கள். அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. கிணற்றடியில் இருந்த கெங்கையம்மன் கல்லுக்கு முதல் சட்டியைப் படைத்தார்கள். யாருக்கும் வயிற்றைப் புரட்டவில்லை. நுரை அடங்கி, கசப்புப் போனதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடிக்கல் தெரிந்தது. இப்படித் தெளிந்த தண்ணீரைத் தெரு அதற்கு முன் குடித்ததில்லை. ரங்கம்மாளுக்குக் கைராசி என்றார்கள்.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. சாயங்காலங்களில் கிணற்றில் தவளை கத்தவில்லை. இறங்கி நிற்கிற கால்களை எதுவும் கொத்தவில்லை.

நரம்புச்சிலந்தி நோய் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வரும். காலில் கொப்புளம் கிளம்பி, எரிந்து, உடையும். உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு நூல் முனை எட்டிப் பார்க்கும். அதைத் துடைப்பக்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். தெருவில் அதை நூல் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் காலை வைத்தால் எரிச்சல் குறையும் என்பதால், நூல் வந்தவர்கள் கிணற்றுப் படியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இலுப்பை போட்டு ஒரு வருஷம் கழித்து, மறு சித்திரையில், வீட்டுக்கு ஒருவருக்கு நூல் வந்தது.

தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர்தான் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே. அம்மன் போன வருஷம் மீன் சாப்பிட்டாள், இந்த வருஷம் இன்னும் கொடுக்கவில்லை, கேட்கிறாள் என்று அருணகிரி சொன்னார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ரங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். மறுபடி இலுப்பை. மறுபடி வாய்கள் மேலே வந்து நின்றன. மறுபடி குழம்பு. அடுத்த சித்திரையில் நூல் இன்னும் அதிகம். அதனால் இன்னும் அதிகப் பிண்ணாக்கு. தலையில் கரகம் வைத்து, உடுக்கை அடித்து, அவளைப் படியில் இறக்குகிற வழக்கம் அப்படித்தான் வந்தது. அவளும் மனமாரச் செய்தாள். மகள் மூக்கிலிருந்து எட்டிப் பார்த்த கறுப்பை அவள் மறக்கவில்லை.

மூன்றாவது சித்திரையில் காத்தவராயனுக்கு வந்தது. வலது கெண்டைக்காலில். நூல் பாதி வெளியே வந்திருந்தபோது, லீவு கிடைக்காமல், துணியைச் சுற்றிக்கொண்டு சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். ஈரத்தோலின் கனம் காலில் விழுந்து நூல் அறுந்தது. மீதி உள்ளே போய்விட்டது. கால் தூணாக வீங்கியது. எருக்கிலை வாட்டிக் கட்டியும் இறங்கவில்லை. கடைசி நாட்களில் அவன், தொடைக்குள் ஏதோ நடக்கிறது, அதற்கு வழி தெரியவில்லை, தேடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் குளிப்பாட்ட ரங்கம்மாள்தான் இலுப்பை கரைத்தாள். பூவம்மாளுக்கு அதற்குச் சற்று முன்னால்தான் குடியாத்தத்தில் கல்யாணமாகியிருந்தது.

அதே வருஷம் வைகாசியில் ஆலங்கட்டி மழை பெய்து இலுப்பை மரங்கள் மொட்டையாகிவிட்டன. செக்கு ஓடவில்லை. பிண்ணாக்கு கிடைக்காததால் மறு சித்திரையில் கிணறு தொடப்படாமல் கிடந்தது. தெரு பயந்துபோயிருந்தது. நூல் முன்போலவே வந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடையில் ஒருநாள் ரங்கம்மாள் குடத்தோடு இறங்கியபோது, அருணகிரி மேஸ்திரி படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். அவருக்கும் நூல். வெயில் நேராக விழுந்ததால் தண்ணீருக்குள் எல்லாம் தெரிந்தது. கால் நனைந்ததும் புண்ணிலிருந்து பால் மாதிரி ஒன்று கசிந்து நீரில் பரவியது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார். எங்கிருந்தோ மீன்கள் வந்தன. அந்த வெள்ளையை நோக்கி வந்தன. காலைச் சுற்றி வளையமாக நின்று, அந்தப் பால் முழுவதையும் தின்றன. தண்ணீரில் தூசு மாதிரிக் குதித்துக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பூச்சிகளையும் தின்றன. பிறகு இன்னும் வருமா என்று காத்திருந்தன.

ரங்கம்மாளின் இடுப்பிலிருந்து குடம் நழுவிப் படியில் உருண்டது. மேஸ்திரி கண்ணைத் திறந்து, இன்னா ரங்கம்மா என்றார்.  மீன் இல்லாத கோடைகளில் அந்த வெள்ளை எங்கே போயிருக்கும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. குடம் பக்கத்திலேயே கிடந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தாள். மறு சித்திரை வந்தது. தெருவில் ஒருவருக்கும் நூல் வரவில்லை.

அம்மன் மனமிரங்கிவிட்டாள் என்று தெரு கொண்டாடியது. போன வருஷம் போடாத கடனையும் சேர்த்து இரண்டு பங்கு இலுப்பை போடுவது என்று முடிவாயிற்று. இலுப்பை போன வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது. பூவம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். குடியாத்தத்தில் தறி ஓடாததால், அவளும் புருஷனும் ஷாப்பு வேலைக்கென்று தாய்வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவள் தினமும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். கர்ப்பக்காரிக்குத் தாகம் அதிகம். மகள் குடத்தைச் சாய்த்து மடக்மடக்கென்று குடிப்பதை ரங்கம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள். கிணற்றில் மீன் இருந்தவரை அவளுக்குப் பயமில்லை.

அதனால் அருணகிரி பிண்ணாக்கு மூட்டையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவள் முடியாது என்றாள்.

மேஸ்திரி முதலில் சிரித்தார். பிறகு ஏன் என்று கேட்டார். அவள் பார்த்ததைச் சொன்னாள். பாலைச் சொன்னாள், மீன் தின்றதைச் சொன்னாள், இலுப்பை போட்ட வருஷங்களையும் போடாத வருஷத்தையும் சொன்னாள். நூல் காலில் முளைக்கவில்லை, குடத்தில் வருகிறது, வயிற்றுக்குப் போய் ஒரு வருஷம் உள்ளே வளர்ந்து கால் வழியாக வெளியே வருகிறது என்றாள். இவ்வளவு பேசி அவளை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் அசையவில்லை. பலர் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

"அப்ப மீனு அதத் தின்னுதுன்ற," என்றார் மேஸ்திரி.

"தின்னுது. என் கண்ணால பாத்தேன். உங்க கால்லதான் பாத்தேன்."

"ஒரு வருசம் உள்ளயே இருக்குதுன்ற."

"ஆமா."

"அப்ப இப்ப என் உள்ள கீதா இல்லியா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னாள். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் என்ற கிழவி தன் வயிற்றில் கை வைத்து மெதுவாகத் தடவினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி தடவினாள். நூல் வெளியே வந்த பின் பயப்படுவதுதான் அவர்களுக்குப் பழக்கம். வெளியே வராத நூலை நினைத்து அவர்கள் பயந்தது அன்றுதான் முதல்.

மேஸ்திரி குனிந்து கிணற்றைப் பார்த்தார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"வெளிய இருக்கறத தின்னுற மீனு, உள்ள போனா உள்ள இருக்கறதயும் தின்னும்."

ரங்கம்மாள் இல்லை இல்லை என்று ஏதோ சொன்னாள். யார் காதிலும் அது விழவில்லை. அவள் சொன்னதை அவர்கள் முழுக்க நம்பிவிட்டார்கள். அதுதான் நடந்தது. அவளை யாரும் ஏசவில்லை, எதிர்க்கவில்லை. கோவிந்தம்மாள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். உயிர் மீன் வேண்டும், செத்தது உதவாது என்று பேசிக்கொண்டார்கள். வலை போட்டால் கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும். இலுப்பையைக் கொஞ்சமாகப் போட்டால் மயங்கி மேலே வரும், சாகாது. எவ்வளவு போட வேண்டும் என்பது ரங்கம்மாளின் கைக்குத் தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஸ்திரியே கரைத்தார்.

அந்த முறை உடுக்கை இல்லை, கரகம் இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நின்றன. தெருக்காரர்கள் படிகளில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக இறங்கி, கையால் ஒரு மீனை எடுத்து, தலையை அண்ணாந்து விழுங்கினார்கள். குழந்தைகளுக்கு வாழைப்பழத்தில் வைத்துத் திணித்தார்கள். விழுங்கியவர்கள் பேசாமல் மேலே ஏறி, வயிற்றில் கை வைத்து, உள்ளே நடப்பதைக் கவனித்தபடி நின்றார்கள். நெஞ்சுக்குள் துள்ளுகிறது என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் அவனைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

பூவம்மாளும் வரிசையில் நின்றாள். ரங்கம்மாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வாணாம்டி. அது தண்ணியில இருக்கணும். உன் வயித்துல இல்ல."

"நீதான எம்மா சொன்ன, அது தின்னும்னு?"

"தண்ணியில இருந்தாதான் தின்னும்."

"எல்லாரும் முழுங்கிட்டாங்க. நான் மட்டும் முழுங்காம இருந்து, நாளைக்கு எங்கொழந்தைக்கு ஒண்ணுன்னா?" என்றாள் பூவம்மாள். கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். அவள் எடுத்த மீன் சின்னது. உதடுகளுக்கிடையே அதன் வால் ஒருமுறை ஆடியது.

சாயங்காலத்துக்குள் கிணற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் தெளிய ஆரம்பித்தது.

மறுநாள் காலை ஆவாரம்பட்டை வண்டிகள் வரும் நாள். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்காரர்கள் ஷாப்பில் பட்டையை இறக்கிவிட்டு அந்தக் கிணற்றில்தான் கைகால் கழுவுவார்கள். அவர்களில் அப்துல் கரீம் என்பவர் காலில் எருக்கிலை கட்டி நொண்டிக்கொண்டு வந்தார். தெருவில் யாருக்கும் நூல் இல்லை. அவருக்கு இருந்தது.

அவர் படியில் இறங்கியபோது, கடைசிப் படியில் ரங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலை மேலே மடக்கி, தண்ணீரைத் தொடாமல். பக்கத்தில் ஒரு குடம், ஒரு புளியமிளாறு.

"மேலயே நில்லு, பாய்."

"இன்னாம்மா இது, தண்ணிக்கு வந்தவன நிறுத்தற? காலு எரியுதும்மா. செத்த நேரம் நனைச்சுட்டுப் போய்ட்றேன்."

அவள் மிளாறை எடுத்தாள். அடிக்கவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் காலையே பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அப்துல் கரீம் இரண்டு படி பின்னால் ஏறினார். அவள் குடத்தைச் சாய்த்து முகந்து, மேலேறி வந்து, அவர் காலில் ஊற்றினாள். நீர் படியில் வழிந்து கீழே இறங்காதபடி முந்தானையைச் சுருட்டி அணையாகப் போட்டாள். ஊற்றி முடிந்ததும் மறுபடி இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்துல் கரீம் ஷாப்பில் போய், கீழே ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள், அது ஆள்தானா என்று கேட்டார்.

தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். யாரும் காலை நனைக்க அவள் விடவில்லை. அவளே முகந்து கொடுத்தாள். முதல் நாள் சிரித்தார்கள். நான்கைந்து நாள் போனதும் சிரிக்கவில்லை. பட்டை இடிக்க அவள் போகவில்லை, வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரியும் அங்கேயே இருந்தாள். அம்மன் அவள்மேல் இறங்கி, இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று அருணகிரி சொன்னார். அதன்பின் எல்லாரும் அவள் சொன்னபடி கேட்டார்கள். அவள் விளக்கிச் சொன்னபோது மீனை விழுங்கியவர்கள், பேசாமல் உட்கார்ந்தபோது கட்டுப்பட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. யார் தன்னை என்னவென்று நினைத்தாலும் காலை நனைக்காமல் இருந்தால் போதும்.

ஆவணியில் பூவம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரங்கம்மாள் அதைப் பார்க்க மேலே வரவில்லை. ஐப்பசியில் ஏரி வழிந்து கால்வாய் விழுந்தபோது, மீன் வருமென்று அவள் படிக்குப் படி மேலேறிக் காத்திருந்தாள். ஏரிக்கரையில் புதிதாகச் சுண்ணாம்புக் குழிகள் தோண்டியிருந்தார்கள். வெளுத்த நீர்தான் வந்தது. அதில் உயிருள்ள எதுவும் இல்லை. நீர் வற்ற வற்ற அவளும் கீழே இறங்கினாள்.

சித்திரை வந்தது. மகளை அவள் தினமும் கூப்பிட்டாள். பூவம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, தாயின் மடியில் காலை வைப்பாள். ரங்கம்மாள் பாதத்தையும் கணுக்காலையும் கெண்டைக்காலையும் பழுப்பேறிய விரல்களால் அழுத்திப் பார்ப்பாள். எங்காவது எரிகிறதா என்று கேட்பாள். இல்லை என்பாள் மகள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. பூவம்மாளுக்கு ஒன்றும் வரவில்லை. தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. விழுங்கிய மீன் வேலை செய்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மறுபடி விழுங்க மீன் இல்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

ஆனி முதல் வாரத்தில் பூவம்மாள் குழந்தையோடு வந்து, தாய்க்கு மேலே இருந்த படியில் உட்கார்ந்தாள்.

"வரலமா. இனி வராது. எழுந்து வீட்டுக்கு வா."

ரங்கம்மாள் அவள் காலை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வரவில்லைதான். முகத்தில் ஏதோ இளகியது. எழுந்துவிடுவாள் என்று பூவம்மாள் நினைத்தாள். மேலே வண்டிச் சத்தம் கேட்டது. பட்டை வண்டிகள். ரங்கம்மாள் தலையைத் தூக்கி, வாயைச் சற்றே திறந்தபடி மேலே பார்த்தாள்.

"இது போன வருசத் தண்ணிக்கு," என்றாள். "இந்த வருசத்தது அடுத்த சித்திரையிலதான தெரியும்?"

 பூவம்மாளின் மடியிலிருந்து குழந்தை நழுவி, படியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உதைத்துக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் அடிக்கல்வரை தெளிந்து, அசையாமல் இருந்தது.

"கொழந்த கால மேல தூக்கிப் புடி," என்றாள் ரங்கம்மாள். "தண்ணி கிட்ட கீது."